ஆரோக்கியவரம் உணர்த்தும் அமைதி

திருப்பதிக்கு மேற்கே, முன்னர் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த மதனப்பள்ளியை அடுத்து ஆரோக்கியவரம் உள்ளது. கிறிஸ்தவச் சபைகள் பல ஒன்றுகூடி 1912-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை, 1915 முதல் அங்கே நடைபெறலாயிற்று. டென்மார்க் நாட்டவரான டாக்டர் பிரிமாட் மோலர் அதன் முதல் தலைமை மருத்துவர். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-இல்தான் கண்டறியப்பெற்றது. அதற்கு முன்னர்த் தூய காற்று, நல்லுணவு, ஓய்வு ஆகியவையே பெரும்பாலும் சிகிச்சை.

மாதக்கணக்கில் படுத்திருப்போருக்கு உடலினும் உள்ளமே விரைவில் தளரும். அத்தகையோருக்கு உரியது விவிலியத்தின் 23-ஆம் சங்கீதம். இருண்ட வழியிலும் இறைவன் மேய்ப்பராக உடன் வருகிறார் என்பதே அதன் கருத்து. கிறிஸ்தவர் கூறும் சமாதானம் இத்துணையில் பிறப்பது. இறைவனை நம்புவோர் மருந்தை மறுக்க வேண்டுவதில்லை. அது பயன் தரும்வரை பொறுத்திருக்கும் வலிமையை அந்நம்பிக்கையால் பெறுகின்றனர். உற்றார் அருகிலில்லாத வேற்றூரில் நோயுறும்போது நமக்கும் வேண்டுவது அவ்வலிமையே.