கழுத்திலே ஒரு வண்ணத்துப்பூச்சி!

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதில் ஒரு வேன் இறங்கி வருகிறது. திடீரென்று ஓர் ஆடு குறுக்கே பாய்கிறது!

டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். ஆடு தப்பியது. வேனும் தப்பியது. ஆனால், டிரைவருக்கு நெஞ்சு "பட பட" என்று அடிக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. வாய் உலர்ந்து போகிறது.

இது ஏன்?

சிறுநீரகத்தின் குல்லாய்

நம் முதுகுப் பக்கம் இரண்டு சிறுநீரகங்கள் உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் குல்லாய் வைத்தது போல ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்கு "அட்ரினல்" என்று பெயர்.

"ஆபத்து!" என்று மூளை சொன்னதும், அந்தச் சுரப்பியின் உள்பகுதி "அட்ரினலின்" என்ற ரசத்தை ரத்தத்தில் கலக்கிறது. இருதயம் வேகமாக ஓடுகிறது. சண்டை போடவோ, ஓடித் தப்பவோ உடம்பு தயார் ஆகிவிடுகிறது. இந்த ரசத்தைத் தனியாகப் பிரித்து 1901-ம் ஆண்டில் உலகுக்குச் சொன்னவர் தகாமினே என்ற ஜப்பானியர்.

சுரப்பியின் வெளிப்பகுதிக்கு வேறு வேலை. உடம்பில் உப்பும் நீரும் அளவோடு இருக்கும்படி அது பார்த்துக்கொள்கிறது. அது அடியோடு கெட்டுவிட்டால், மருந்து இல்லாமல் மனிதன் பிழைக்க முடியாது.

காண்டாமிருகம் காட்டிய ரகசியம்

கழுத்தில் இன்னும் நான்கு சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் பருப்பு அளவுதான். "பாராதைராய்டு" என்பார்கள்.

இதை முதலில் கண்டது மனிதன் கழுத்தில் அல்ல! லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1849-ல் ஓர் இந்தியக் காண்டாமிருகம் இறந்தது. அதை அறுத்துப் பார்த்த ஓவன் என்ற அறிஞர் கண்ணில் இது பட்டது. மனிதன் கழுத்திலும் இது உண்டு என்று சுவீடன் நாட்டு சாண்ட்ஸ்ட்ராம் 1880-ல் எழுதினார்.

ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால், எலும்பில் இருந்து எடுத்துக் கொடுப்பது இதன் வேலை. இது வேலை செய்யாவிட்டால் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும்.

குச்சிக் கிழங்கும் கழலையும்

இனி நம் வண்ணத்துப்பூச்சிக்கு வருவோம். குரல்வளைக்குக் கீழே, மூச்சுக் குழாயை அணைத்தபடி, இரண்டு இறக்கைகளுடன் இருக்கிறது "தைராய்டு". எடை சுமார் 20 கிராம். உடம்பு என்ற அடுப்பு எரியும் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இதுதான். இது சோம்பினால் நாமும் சோம்புவோம். உடம்பு பருக்கும், குளிர் தாங்காது, முடி கொட்டும், மாதவிலக்கு தவறும்.

தைராய்டு தன் ரசத்தைத் தயாரிக்க "அயோடின்" வேண்டும். அது கிடைக்காவிட்டால், பாவம், சுரப்பி மேலும் மேலும் பாடுபட்டு வீங்கிவிடும். அதுதான் கழுத்துக் கழலை.

சேலம், நாமக்கல் பக்கத்து மக்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் வயல் வயலாக நிற்கிறதே மரவள்ளி, அதில் ஒரு விஷம் இருக்கிறது! இலையிலும் தோலிலும் அதிகம். உள்ளே போகும் விஷத்தை நம் உடம்பு முறித்துவிடும். ஆனால், முறிந்து வரும் பொருள், தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கிறது.

ஆப்பிரிக்காவில், காங்கோ நாட்டில், இட்ஜ்வி என்று ஒரு தீவு. அங்கே ஒரு பகுதியில் கழலைக்காரர்கள் மிக அதிகம். பெல்ஜியம் டாக்டர்கள் போய் ஆராய்ந்தார்கள். அயோடின் பஞ்சத்தோடு, சரியாகப் பக்குவம் செய்யாத மரவள்ளியும் சேர்ந்து செய்த வேலை அது என்று கண்டார்கள்.

ஜவ்வரிசி பாயசத்தைக் கண்டு பயப்படாதீர்கள்! சேகோ ஆலையில் கிழங்கின் தோலை உரித்து, அரைத்து, பாலைத் தண்ணீரில் கழுவித் தெளியவைத்து, வறுத்துக் காயவைப்பதற்குள் விஷம் பெரும்பாலும் போய்விடுகிறது. வீட்டில் கிழங்கு அவிப்பவர்கள், தோலை நன்றாகச் சீவி, துண்டு போட்டு, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

கடல் உப்பு போதாதா?

"கடல் உப்புதானே தின்கிறோம், அயோடின் இருக்காதா?" என்று கேட்கலாம். கடல் உப்பில் இருப்பது மிக மிகக் கொஞ்சம். அதைத் தனியாகத்தான் கலக்க வேண்டும்.

இமயமலைச் சாரலில், காங்கிரா பள்ளத்தாக்கில், டாக்டர் ராமலிங்கசாமியும் அவரது குழுவினரும் 1956-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு. ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில், அயோடின் உப்பு தின்றவர்களிடம் கழலை வெகுவாகக் குறைந்தது! 1962-ல் கழலை ஒழிப்புத் திட்டம் வந்தது. அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்கக் கூடாது என்று 2006-ல் நாடு முழுவதும் தடை வந்தது.

மூட்டையைத் திறந்து வைத்து அளந்து போடும் கல் உப்பை வாங்குவோர், அது அயோடின் கலந்ததுதானா என்று கேட்டு வாங்குவது நல்லது. வாங்கிய உப்பை ஈரம் படாமல், அடுப்பின் சூடு படாமல் மூடி வையுங்கள். அதற்காக உப்பை அள்ளிப் போடாதீர்கள்! ரத்த அழுத்தம் ஏறும்.

வயிற்றுப் பிள்ளை

கழலையைவிடக் கொடிய விளைவு ஒன்று உண்டு. முதல் மூன்று மாதம் வயிற்றுப் பிள்ளை, தாயின் தைராய்டு ரசத்தை நம்பித்தான் இருக்கிறது. அது மிகவும் குறைந்தால் குழந்தையின் மூளை சரியாக வளராது. காதும் பேச்சும் போகலாம்.

சில பெண்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும், "குழந்தைக்கு ஆகாது" என்று தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மாமியாரும் "நிறுத்தம்மா" என்கிறார்! இது பெரிய தவறு. அந்த மாதங்களில் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். ரத்தத்தைப் பரிசோதித்து டாக்டர் அளவைச் சொல்வார்.

சில குழந்தைகள் தைராய்டு குறையோடு பிறப்பதும் உண்டு. பார்த்தால் தெரியாது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால், அந்தக் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்.