உங்களுக்குத் தெரியுமா? பென் டிரைவ் வாங்கும் முன்...

32 ஜிபி என்று அச்சிட்ட பென் டிரைவைச் செருகினால் கம்ப்யூட்டர் 29.8 ஜிபிதான் காட்டும். பயப்பட வேண்டாம். கம்பெனிக்காரர்களுக்கு ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் கணக்கில் ஒரு ஜிபி 107 கோடி பைட்டுக்கு மேல். கணக்கு முறைதான் வேறு, சரக்கு குறையவில்லை.

*

‘2 டிபி, 500 ரூபாய்’ என்று ஆன்லைனிலும் நடைபாதையிலும் விற்கிறார்களே, அதைத் தொடவே தொடாதீர்கள். 2 டிபி பென் டிரைவை கிங்ஸ்டன் நிறுவனம் அறிவித்ததே 2017 ஜனவரியில்தான். இன்றும் அசல் 2 டிபிக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும்.

500 ரூபாய்ச் சரக்கின் உள்ளே இருப்பது கொஞ்சம் ஜிபி கொண்ட மலிவு சிப். அதை இயக்கும் கன்ட்ரோலரின் மென்பொருளைத் திருத்தி, ‘2 டிபி’ என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். முதலில் ஏற்றும் பாட்டும் போட்டோவும் ஒழுங்காகத் திறக்கும். உண்மையான இடம் நிரம்பிய பிறகு ஏற்றுபவை எங்கும் பதிவாகாது. அல்லது பழைய ஃபைல்கள் மேலேயே எழுதப்பட்டு இரண்டும் கெடும். ஃபைல் பெயர்களின் பட்டியல் தொடக்கப் பகுதியில் பத்திரமாக இருப்பதால், பார்வைக்கு எல்லாம் இருப்பதுபோலவே தெரியும். ஒரு வருடம் கழித்துக் கல்யாண வீடியோவைத் திறக்கும்போதுதான் குட்டு உடையும். 500 ரூபாய் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், அந்த வீடியோவை எங்கே போய்த் தேடுவது?

*

இப்படிப்பட்ட போலி டிரைவைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸுக்கு ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸுக்கு ‘எஃப்3’. பென் டிரைவை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். 64 ஜிபியை விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் நிரப்ப ஏறக்குறைய 1 மணி 45 நிமிடம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

*

ராணிப்பேட்டை முத்துக்கடையில் வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருடம், எம்ஆர்பி, புகார் சொல்ல ஒரு எண் ஆகியவை இருந்தே ஆக வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். சான்டிஸ்க், கிங்ஸ்டன் மாடல்கள் பலவற்றுக்கு 5 வருட வாரன்டி உண்டு. ஜிஎஸ்டி பில் இல்லாமல் அதைக் கேட்டு நிற்பது கஷ்டம். வாரன்டியில் புது டிரைவ் கிடைக்கும், உள்ளே இருந்தது கிடைக்காது. கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

*

அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் ‘100 எம்பி வேகம்’ பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகம் அதில் பாதிகூட இருக்காது. பல அட்டைகளில் அதைப் போடுவதே இல்லை. வாங்கும்போது அதைத்தான் கேட்க வேண்டும்.

*

ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம். டிசைனை பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கும் கம்ப்யூட்டர் தையல் மெஷின்களில் பழையவை ‘ஃபேட்32’ என்ற பதிவு முறையை மட்டுமே படிக்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவற்றில் பல, கடையில் வரும்போதே ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் வருகின்றன. செருகினால் மெஷின் கண்டுகொள்ளாது. டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்குவார்கள். அங்கே 8 அல்லது 16 ஜிபியே போதும், விலையும் குறைவு. பழைய கார் ஸ்டீரியோவுக்கும் இதே கதை. ஆனால் ஃபேட்32-இல் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை ஃபைல் ஏறாது. ஆகவே வீடியோக்காரர்களுக்கு எக்ஸ்ஃபேட்தான் சரி.

*

தோல் பதனிடும் இடங்களில் முடி நீக்கச் சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அது அமிலத்தோடு சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும் வாயு அது. பென் டிரைவ் முனையில் இருப்பது மெல்லிய தங்க முலாம். செருகிச் செருகித் தேய்ந்தால் அடியில் உள்ள உலோகம் வெளியே தெரியும். டேனரி லேபிலும் ஆபீஸிலும் புழங்க, மூடி உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

*

பென் டிரைவைச் செருகும் யுஎஸ்பி முறையை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் குஜராத்தைச் சேர்ந்த அஜய் பட். முதல் பதிப்பு 1996-இல் வந்தது. பென் டிரைவ் 2000-இல் விற்பனைக்கு வந்தபோது ஐபிஎம் விற்றதன் கொள்ளளவு 8 எம்பி. இரண்டு எம்பி3 பாட்டுக்குக்கூட அதில் இழுபறிதான்!

*

உள்ளே தகவல் தங்குவது நுண்ணிய மின்னூட்டமாக. கரன்ட் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அது மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாக. கத்திரி வெயிலில் கார் டாஷ்போர்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பத்திரம், மார்க்‌ஷீட் ஸ்கேன்களை பென் டிரைவில் மட்டும் வைத்திருக்கவே கூடாது. வேறொரு இடத்திலும் நகல் வேண்டும்.

*

ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் செருகிய பிறகு ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது வைரஸ் வேலை. பதறி ஃபார்மட் அடிக்காதீர்கள். பெரும்பாலும் ஃபைல்கள் மறைக்கப்பட்டுத்தான் இருக்கும். ஆன்டி வைரஸ் ஓட்டிவிட்டு, மறைந்த ஃபைல்களைக் காட்டும் வசதியைத் திறந்து பாருங்கள். பிரிண்ட் எடுக்க மட்டும் தனியாக ஒரு 8 ஜிபி வைத்துக்கொண்டு, தேவையான பிடிஎஃப்பை மட்டும் அதில் கொண்டு போனால் இந்தத் தலைவலி வீட்டு டிரைவுக்கு வராது.