கீழ்விரி பட்டியலும் வேற்றுமை உருபும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாசரால் உருவாக்கப்பெற்றது. தமிழ் வணிகர் தலைமுறைகளாக வாழும் அத்தெருவில் ஒரே சரக்கு இரு பெயர்களால் வழங்குதல் இயல்பு. மிளகு குருமுளகாகும், மஞ்சள் மஞ்ஞளாகும், சீரகம் ஜீரகமாகும். அங்குள்ள பலசரக்குக் கடை ஒன்றிற்கு இருமொழி இணையப் படிவம் அமைப்பதாகக் கொள்வோம். அப்படிவத்தில் சரக்கைத் தெரிவு செய்வதற்கான கீழ்விரி பட்டியல் எழுப்பும் மொழிச் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ('கீழ்விரி பட்டியல்' வினைத்தொகையாதலின் இடையில் பகரம் மிகாது. 'கீழ்விரிப் பட்டியல்' என எழுதுவது பொருந்தாது.)

சொடுக்கியதும் விரிந்து, ஒன்றைத் தெரிந்ததும் சுருங்கும் இவ்வுறுப்பு, 1995இல் வெளிவந்த எச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்பிலேயே 'செலெக்ட்' என்னும் பெயருடன் இடம்பெற்றுள்ளது. எனினும் தோற்றத்தையும் தேடல் வசதியையும் விரும்பியவாறு அமைக்கும் பொருட்டு நிரலர்கள் தமக்கென ஒன்றைப் புதிதாக எழுதிப் பல பக்கங்களில் மீண்டும் மீண்டும் பயன்படுத்துகின்றனர். அந்நிலையில் அம்பு விசைகளால் இயங்குதல், பார்வையற்றோரின் திரைபடிப்பிக்குத் தன் நிலையை அறிவித்தல் முதலிய பணிகளையும் அவர்களே அமைத்தல் வேண்டும். இவை பெரும்பாலும் மொழி சாராதவை. எனவே உறுப்பினுள் ஒருமுறை எழுதினாற் போதும்.

வரிசைமுறை அத்தகையதன்று. ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான வரிசையாக்கம் ஒருங்குறி எண்களைப் பின்பற்றுகிறது. அவ்வெண்வரிசையில் புள்ளி, உயிர்க்குறிகளுக்குப் பின்னர் வருகிறது. ஆதலின் கறிவேப்பிலைக்குப் பின்னரே கற்கண்டு நிற்கும். றகரம் லகரத்திற்கு முன்னர் இருப்பதால் வல்லாரைக்கு முன்னே வற்றல் நிற்கும். சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே ஜகரம் புகுந்து, ஜாதிக்காயைப் பட்டியலின் நடுவில் அமர்த்திவிடும். அகராதி முறைக்குப் பழகியவர் கடையில் அச்சரக்கே இல்லையென எண்ணக்கூடும். தமிழுக்குரிய மொழிக்குறியை அளித்து 'கொலேட்டர்' என்னும் கருவியால் வரிசைப்படுத்தின் இக்குறை நீங்கும். தேடலிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்னும் எழுத்தின் குறியை ஒரே எண்ணாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் பதியலாம். இரண்டையும் ஒருமைப்படுத்தாவிடின், கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் கொத்தமல்லி தேடலில் அகப்படாது.

இவற்றினும் பெரிய சிக்கல் வேற்றுமையில் உள்ளது. தெரிந்தெடுத்த சொல்லை ஒரு வாக்கியத்தில் அப்படியே பொருத்தும் வழக்கம் ஆங்கிலத்தை அடியொற்றியது. அங்குப் பெயர்ச்சொல் வடிவம் மாறுவதில்லை. மொழிபெயர்ப்பாளரிடம் வருவதோ, சரக்கின் பெயருக்கு வெற்றிடம் விட்ட ஒரு வாக்கியத் துண்டு மட்டுமே. அவர் வெற்றிடத்தின் பின் 'இன் விலை' என எழுதினால் திரையில் 'மிளகுஇன் விலை', 'சீரகம்இன் விலை' எனத் தோன்றும். வேண்டுவன மிளகின், சீரகத்தின், எள்ளின் என்பன. குற்றியலுகரம் கெடுதல், அத்துச் சாரியை, ஒற்றிரட்டல் என மூன்று சொற்களுக்கு மூன்று மாற்றங்கள். மலையாளத்தில் உருபே வேறுபடும்: குருமுளகின்றெ, ஆனால் மல்லியுடெ. பிழை உறுப்பின் அமைப்பில் இருக்க, பழி மொழிபெயர்ப்பாளர் மேல் விழுவது முறையன்று.

எளிய தீர்வு, 'சரக்கு: மிளகு', 'விலை:' என எழுவாய் வடிவிலேயே நிறுத்துதல். கடைப் படிவத்திற்கு இதுவே சாலும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. முழு வாக்கியம் இன்றியமையாததாயின் ஒவ்வொரு சரக்கிற்கும் மூன்று செய்திகள் தேவை: மொழி சாராத ஓர் அடையாளக் குறி, பட்டியலில் தோன்றும் பெயர், வேற்றுமை ஏற்ற முழு வடிவம். கணக்கேட்டில் அடையாளக் குறியையே பதிதல் வேண்டும். அவ்வாறின்றிப் பெயரையே பதிந்தால், சீரகத்தை ஒருவர் ஜீரகமெனத் திருத்திய நாளில் பழைய கணக்கு வேறொரு சரக்கினதாகிவிடும். பின்னிரண்டையும் மொழிபெயர்ப்பாளர் எழுத, உறுப்பு அவற்றை வெளியிலிருந்து பெறுதல் வேண்டும். சோதிக்கும்போது மிளகை மட்டும் கொண்டு சோதிப்பது போதாது. சீரகம், எள், நெய் ஆகியவற்றையும் தெரிந்து பார்த்தல் வேண்டும்.