ஓர் அடிக்குப் பன்னிரண்டு அடி

அரசுக் குடியிருப்புகளில் மாற்றுத்திறனாளி உள்ள குடும்பத்துக்குத் தரைத்தளத்தில் வீடு ஒதுக்குவதில் முன்னுரிமை உண்டு. ஆனால் தரைத்தளம் தரையோடு இருப்பதில்லை. மழைத் தண்ணீரும் சாக்கடையும் உள்ளே வராமலிருக்க, பேஸ்மட்டத்தைத் தெருவைவிட ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுவது வழக்கம். வாசலில் மூன்று படி வந்துவிடும். பாலாற்றங்கரை ஊர்களில் இந்த உயரத்துக்கு நியாயம் இருக்கிறது. 1903 நவம்பர் 12 அன்று வந்த வெள்ளத்துக்கு வாணியம்பாடி நினைவுத்தூண் நட்டு வைத்திருக்கிறது. படியைக் குறை சொல்வதற்கில்லை. படிக்குப் பக்கத்தில் சாய்தளம் இல்லாததுதான் குறை.

அரசு வீட்டுத் திட்டங்களில் 40 விழுக்காட்டு ஊனச் சான்று உள்ளவர்களுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு, அவர்களில் பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம், 37ஆம் பிரிவு என்பது நினைவிருந்தால் போதும்.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயர வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இதைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. அரை அடி உயரமுள்ள ஒற்றைப் படிக்கே ஆறு அடி நீளம் தேவை. மூன்று படிக்குப் பதினெட்டு அடி. போதிய அகலம், இரு பக்கமும் கைப்பிடி, மேலே போய்ச் சேர்ந்ததும் நாற்காலி நின்று கதவைத் திறக்கச் சமதளம். ஆம்பூர், பேர்ணாம்பட்டின் பழைய சந்துகள் பலவற்றில் தெருவின் அகலமே பதினெட்டு அடி வராது. அதனால் சாய்தளம் சுவரை ஒட்டி மடங்கி ஏற வேண்டும். அதற்கான இடத்தை வரைபடத்திலேயே விட்டிருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் மேஸ்திரி நாலடியில் ஒரு சரிவு பூசித் தருவார். அதில் ஸ்கூட்டர் ஏறும். சக்கர நாற்காலி தானாக ஏறாது. இறங்கும்போது ஆளைக் கவிழ்த்துவிடும்.

பன்னிரண்டு என்ற எண்ணின் கதை இரண்டாம் உலகப் போரிலிருந்து ஊனமுற்றுத் திரும்பிய வீரர்களிடம் தொடங்குகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1948இல் டிமதி நூஜென்ட் என்பவர் அவர்கள் படிப்பதற்காக ஒரு திட்டம் தொடங்கினார். சக்கர நாற்காலி மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்த அவருடைய ஆய்வின் பேரில் 1961இல் அந்நாட்டின் முதல் அணுகல் தரம் வெளிவந்தது. ஒன்றுக்குப் பன்னிரண்டு அதில் இருந்தது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளிலும் அதே கணக்குதான். உட்கார்ந்த நிலையில் ஒருவர் தன் கைகளால் மட்டும் தள்ளி ஏறக்கூடிய சரிவு அது. வேறொருவர் பின்னால் நின்று தள்ளித்தான் ஏற முடியும் என்றால், அந்த வீட்டுக்குள் அவர் சொந்தமாக நுழையவில்லை.

இதே காலத்தில் வேலூரிலும் ஒரு சக்கர நாற்காலி ஓடிக்கொண்டிருந்தது. 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சி.எம்.சி. மருத்துவமனையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ கிணற்றிலோ விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் அங்கே நாற்காலியில் ஏறவும் இறங்கவும் வாரக்கணக்கில் பழகுகிறார்கள். அத்தனையும் கற்று ஊர் திரும்புபவரை வாசலில் மூன்று படிகள் நிறுத்திவிடுவது பெரிய அநியாயம்.

கைக்கும் வீடு இடம் தர வேண்டும். 1955 முதல் தொழுநோய்க்குச் சிகிச்சை அளித்துவரும் கரிகிரி மருத்துவமனை இந்த வேலூர் மண்ணில்தான் இருக்கிறது. விரல் மடங்கிப்போன கையால் திருகு குழாயைத் திருக முடியாது. நீளக் கைப்பிடி வைத்த குழாயை மணிக்கட்டால் தள்ளித் திறக்கலாம். தொழுநோயிலிருந்து குணமானவர்களும் 2016 சட்டத்தின் 21 வகைகளில் சேர்ந்தவர்களே.

சட்டத்தின் 44ஆம் பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு முடிப்புச் சான்று தரக்கூடாது என்கிறது. ஆனால் அந்த விதிகள் வெறும் பரிந்துரையாகவே நடத்தப்பட்டன. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 15(1)ஐச் செல்லாதென்று தள்ளி, விட்டுக்கொடுக்க முடியாதவற்றைக் கட்டாய விதிகளாகப் பிரித்தெழுத மூன்று மாத அவகாசம் கொடுத்தது.

 ஒதுக்கீட்டு ஆணை வாங்குகிறவர்கள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் வாசல் எத்தனை உயரம், சாய்தளம் எத்தனை நீளம் என்று அளந்து பார்க்க வேண்டும். பன்னிரண்டு மடங்குக்குக் குறைந்தால் இரண்டு அளவையும் எழுதி மனு கொடுக்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று கலெக்டர் அலுவலகங்களிலும் குறைதீர் நாள் திங்கட்கிழமை.