பூனைக்காக ஒரு பாட்டு: ரஹ்மானின் 'லைட்' ஆல்பத்தில் என்ன ஸ்பெஷல்?

2008-இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'ஜோதா அக்பர்' பிரம்மாண்டமாக வந்தது. அதே ஆண்டு ஜூலையில் கல்லூரி நண்பர்களின் காதல் காமெடி, 'ஜானே து யா ஜானே நா'. சிறந்த இசைக்கான ஃபிலிம்ஃபேர் விருது எதுக்கு? இந்த 'லைட்'டான ஆல்பத்துக்குத்தான்!

உலு திராமிலிருந்து ஜொகூர் பாரு போற பஸ்ஸில் 'கபி கபி அதிதி' கேட்டுப் பாருங்க. இந்தி புரியாட்டியும் பரவாயில்லை. கிட்டாரோடு ரஷீத் அலி பாடுவது, நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுற மாதிரியே இருக்கும். படத்தில், பூனை செத்துப்போன சோகத்தில் இருக்கும் தோழியைத் தேற்றத்தான் இந்தப் பாட்டு. அங்கே பெரிய ஆர்கெஸ்ட்ரா வந்திருந்தால் ஆறுதலே போலியாகியிருக்கும். கடைசியில் விமான நிலையத்தில் நாயகன் அதையே அவளுக்காகப் பாடுறான். அதே மெட்டுதான், இப்போ அது காதல் பாட்டு.