கூரை உயர்ந்தால் வீடு குளிருமா?

சூடான காற்று மேலே ஏறும், அதனால் கூரை உயர்ந்த வீடு குளுமையாக இருக்கும் என்ற நம்பிக்கையில் பாதிதான் உண்மை. மேலே போன காற்று வெளியேற வழி வேண்டும். சென்னையில் மயிலாப்பூர், தி. நகர் பழைய வீடுகளில் 12 அடி உயரச் சுவரின் உச்சியில் ஒரு வென்டிலேட்டர் இருக்கும். நடு அச்சில் சுழலும் சின்னக் கதவு, அதிலிருந்து தொங்கும் கயிறு. கீழே நின்றபடியே இழுத்துத் திறக்கலாம். மதியம் கடல்காற்று ஜன்னல் வழியே நுழைய, வெப்பம் உச்சி வழியே போய்விடும். அதற்கும் மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டித் தட்டி இறுக்கி, தட்டோடு பதித்த கனத்த தளம். வெயில் அதைத் துளைத்து இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இன்றைய நாலைந்து அங்குல கான்கிரீட் தளமோ சீக்கிரமே காய்ந்து, இரவு வெகுநேரம் வரை தலைமேல் அனல் வீசுகிறது. அதை இரண்டடி தூக்கிக் கட்டினால் மட்டும் அந்த அனல் பெரிதாகக் குறையாது.

ஆகவே வடபழனியில் 'டபுள் ஹைட்' ஹால் என்று கூடுதல் விலை சொன்னால், உயரத்தை அளப்பதற்கு முன் உச்சியில் திறப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறக்காத கண்ணாடி பதித்த உயரம் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் பரண்தான். எல்லா வீட்டையும் உயர்த்திக் கட்டினால் என்ன என்று கேட்கலாம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிப்பறைக்குக் கேட்கும் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில், உயர்மாடி அல்லாத கட்டடத்தின் வரம்பு 18.30 மீட்டர். தளத்துக்கு 3 மீட்டர் என்றால் ஆறு தளம், 3.6 மீட்டர் என்றால் ஐந்துதான். ஒரு தளத்தையே இழக்க எந்த பில்டர் சம்மதிப்பார்? ஏ.சி. போட்ட பிறகு உயரம் எதற்கு என்பதும் நியாயமான கேள்விதான். அத்தகைய அறைக்கு 2.4 மீட்டரையே விதித்தொகுப்பு ஏற்கிறது. ஆனால் அடுப்படியிலும் ஹாலிலும் நாள் முழுக்க ஏ.சி. ஓட்ட எத்தனை குடும்பங்களால் முடியும்?

வளைகூரையின் கதை வேறு. எகிப்தின் நூபியர்கள் சாரப்பலகை இல்லாமலே வளைவு எழுப்பும் முறையை, 1940களில் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி புதிய குர்னா கிராமத்தில் கையாண்டார். ஆரோவில்லில் அழுத்திய மண்கற்களால் அதே வழியில் அழகான வீடுகள் எழுந்திருக்கின்றன. ஆனால் வளைவு சுவர்களைப் பக்கவாட்டில் தள்ளும். அதைத் தாங்கக் கனத்த சுவரோ இரும்பு இழுகம்பியோ வேண்டும். தலைக்கு மேல் இன்னொரு வீடு இல்லாதிருந்தால் எளிது. நெருக்கியடித்த வடபழனி மனைகளில் மேல்மாடிக்குத்தான் அது எளிதில் பொருந்தும். கூரை உயரத்துக்கே திரும்பினால், இந்த வட்டாரத்தின் பெரிய உயரங்கள் ஏவி.எம்., விஜயா வாகினி ஸ்டூடியோ தளங்களில்தான் இருந்தன. விளக்குகளை மேலே கட்டித் தொங்கவிட அங்கே அந்த உயரம் தேவைப்பட்டது.

வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை ஓடும், கூரையை ஒட்டித் திறக்கும் வென்டிலேட்டரும் பத்தடி அறையிலேயே நல்ல பலன் தரும். கொசு வருமே என்றால் வலை அடிக்கலாம். சாரல் வருமே என்றால் மேலே ஒரு சன்ஷேடு போதும்.