முக்கோண வைரத்தின் மூன்று சுவர்கள்

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரங்களின் விலை அண்மை ஆண்டுகளில் சரிந்ததைத் தொடர்ந்து, வட்டக் கற்களே ஆட்சி செய்த நகைக்கடைப் பெட்டிகளில் பேரிக்காய், இதயம், முக்கோணம் என வேறு வடிவங்களும் இடம்பிடித்துள்ளன. அவற்றுள் டிரில்லியண்ட் அல்லது டிரில்லியன் எனப்படும் முக்கோண வெட்டு, வட்ட வைரத்தைவிடக் கூடுதலாக ஒளிரும் என்ற விளம்பர வாசகத்தோடு விற்கப்படுகிறது. இதில் உண்மை எவ்வளவு என்பதை அறிய, மூன்று பக்கங்கள் கொண்ட கல்லுக்குள் நுழையும் ஒளிக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தாலே போதும். விடை விளம்பரதாரருக்குச் சாதகமாக இல்லை என்றாலும், அந்த விடைக்குச் செல்லும் வழி அழகானது.

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42 ஆதலால், அதன் மாறுநிலைக் கோணம் 24.4 பாகை மட்டுமே. கல்லின் உச்சியிலுள்ள அகன்ற தட்டைப் பகுதிக்கு மேசை என்று பெயர்; அதன் வழியே நேராக இறங்கும் ஒளி, கீழ்நோக்கிச் சரியும் அடிப்பட்டைகளை இக்கோணத்தைவிடச் சாய்வாகச் சந்தித்தால் முழுவதும் உள்ளேயே திருப்பப்படும், இல்லையேல் அடிவழியே கசிந்துவிடும். இப்போது முக்கோணக் கல்லின் மிக எளிய வடிவமாக, அடியில் மூன்றே மூன்று பட்டைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு பட்டையும் மேசைத் தளத்தோடு 54.7 பாகை சாய்ந்திருக்கும். நேராக இறங்கும் ஒளி மூன்று பட்டைகளிலும் பட்டு, எதிலும் கசியாமல், வந்த திசைக்கே திரும்பிச் செல்லும்.

கேரம் பலகையின் மூலைக்கருகே அடிக்கப்பட்ட ஸ்ட்ரைக்கர் இதையேதான் இரு பரிமாணத்தில் செய்கிறது: ஒரு சட்டம் அதன் நீளவாட்டு வேகத்தைத் திருப்ப, அடுத்த சட்டம் அகலவாட்டு வேகத்தைத் திருப்ப, எந்தக் கோணத்தில் சென்றிருந்தாலும் அது புறப்பட்ட திசைக்கு இணையாகவே மீள்கிறது. வைரத்தில் மூன்றாவது சட்டமாக ஒரு தரை கூடுகிறது. மூலைக்குழியோ மூலையில் இராமல் எல்லாச் சட்டங்களின் மீதும் பரவியிருந்து, ஸ்ட்ரைக்கர் சாய்வாக வந்தால் மூடிக்கொண்டும், ஏறக்குறைய நேராக மோதினால் திறந்துகொண்டும் விளையாடுகிறது. இத்தகைய பலகையில் ஆட எந்த ஆட்டக்காரரும் இசையமாட்டார் என்பதால், உவமையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. மிதிவண்டியின் பின்புறச் சிவப்பு வில்லையில் இருப்பதும், 1969 ஜூலையில் அப்பல்லோ 11 பயணத்தினர் நிலவில் வைத்துவந்த, 100 சிலிக்கா முப்பட்டகங்கள் கொண்ட பலகத்தில் இருப்பதும் இதே மூன்று சுவர் அமைப்புதான்.

ஆனால் நிலவுக்கு லேசர் அனுப்புவோருக்கு வாய்த்த இந்த வரம் நகைக்கு ஒரு சாபம். வந்த திசைக்கே ஒளியைத் திருப்பும் கல், காண்பவரின் கண் இருக்கும் திசையிலிருந்து வரும் ஒளியை மட்டுமே அவருக்குக் காட்டும். அத்திசையிலோ விளக்கு இல்லை, அவருடைய தலைதான் இருக்கிறது. ஆகவே ஒரு துளி ஒளியையும் கசியவிடாத இலட்சிய முக்கோணம், கண்ணருகே கொண்டுவரப்படும்போது முகத்தின் நிழலைக் காட்டி இருண்டு நிற்கும். அதோடு, மேசையில் நுழையும்போது பிரியும் நிறங்கள், அதே மேசையின் வழியே எதிர்த்திசையில் வெளியேறும்போது மீண்டும் இணையாகிவிடுவதால், வைரத்துக்குப் பெயர் வாங்கித் தந்த வண்ணச் சிதறலும் தோன்றாது. எனவே முக்கோணக் கல்லைப் பட்டை தீட்டுபவரின் திறமை இந்த ஒழுங்கைக் குலைப்பதிலேயே உள்ளது: அடியிலுள்ள மூன்று சுவர்களையும் பல சிறு பட்டைகளாக உடைத்து, மேசையைச் சுற்றியும் சாய்ந்த பட்டைகளை வைத்து, பக்கங்களைச் சற்றே புறம் வளைத்து, ஒளி நுழைந்த பட்டை ஒன்றாகவும் வெளியேறும் பட்டை வேறொன்றாகவும் இருக்கும்படி அவர் செய்கிறார்.

வரலாற்றைப் பொறுத்தவரை, மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் கணக்கிட்டுத் தந்த கோணங்கள் வட்டக் கல்லுக்கானவை என்பதும், நவீன முக்கோண வெட்டைப் பரப்பியவர்களுள் 1970களில் நியூயார்க்கின் லியோன் ஃபிங்க்கர் முக்கியமானவர் என்பதும் தெரிந்தால் போதும்.

உண்மையில் முக்கோணத்தைத் தேர்ந்தது பெரும்பாலும் படிகமே. எண்முகி வடிவில் வளரும் வைரம் சில வேளைகளில் ஒரு முகத்தைப் பொதுத்தளமாகக் கொண்டு, ஒரு பாதி மறுபாதிக்கு 180 பாகை திரும்பிய நிலையில் இரட்டையாக வளர்கிறது. மேக்கிள் எனப்படும் இந்த இரட்டைப் படிகம் தட்டையான முக்கோண வில்லையாகவே கிடைப்பதால், அதிலிருந்து வட்டம் எடுப்பது எடையை வீணாக்கும். தட்டைக் கல்லில் ஆழத்துக்கு இடமில்லை என்பதே இதிலுள்ள சிக்கல்: எடையைக் காக்கும் ஆசையில் அடிப்பட்டைகள் 24.4 பாகைக்கும் குறைவாகச் சரிக்கப்பட்டால், மேசையின் நடுவே ஒளி நேராகக் கடந்துபோகும் ஒரு வெற்றுச் சாளரம் உண்டாகிறது. ஒரே காரட் எடையில் வட்டத்தைவிட முக்கோணம் பெரிதாகத் தெரிவதாகக் கடைக்காரர் சொல்வது பொய்யன்று. அந்தப் பெருமைக்கான விலை ஆழத்தில் வாங்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

நகையில் கட்டாத கல்லை அச்சிட்ட தாளின் மீது மேசை மேல்நோக்க வைத்துப் பார்க்கையில் எழுத்து படிக்கக் கிடைத்தால், அது சாளரம் கொண்ட கல். கையெட்டும் தொலைவிலிருந்து மெல்ல முகத்தருகே கொண்டுவரும்போது நடுப்பகுதி சட்டென்று கறுத்தால், அது மேலே கண்ட இலட்சிய முக்கோணத்தின் உறவினர். இவற்றைச் சான்றிதழ் சொல்லாது: வைரங்களைத் தரமிடும் ஜிஐஏ நிறுவனம் 2006 முதல் வட்டக் கற்களுக்கு வெட்டுத் தரம் குறித்து வந்தாலும், முக்கோணத்துக்கு மெருகையும் சமச்சீரையும் மட்டுமே மதிப்பிடுகிறது. கூர்முனைகளில் நிறம் தேங்கித் தெரியும் என்பதும், வைரம் எண்முகித் தளங்களின் வழியே பிளக்கக்கூடியது என்பதால் அம்முனைகளை மூடிப் பிடிக்கும் வளைந்த உலோகப் பிடிகள் தேவை என்பதும் கட்டும்போது நினைவிலிருக்க வேண்டியவை.

ஆய்வக வைரத்தில் இந்தப் பேரம் தலைகீழாகிறது. வாயுவிலிருந்து படியவைக்கும் முறையில் கல் பெரும்பாலும் சதுர விதைத்தகட்டின் மீது வளர்கிறது. ஒரு சதுரத்துக்குள் அடங்கும் மிகப்பெரிய நேர்பக்கச் சமபக்க முக்கோணம் அதன் பரப்பில் 46 விழுக்காட்டையே பிடிக்கும் என்பதால், அங்கே முக்கோணம் சிக்கனமன்று, வெறும் நாகரிகம். மேக்கிளின் தட்டைத்தனத்தைச் சாக்காகக் காட்டவும் அங்கே இடமில்லை. எனவே அத்தகைய கல் சாளரத்தோடு விற்பனைக்கு வந்தால், அதை மறுத்து ஆழமான வேறொன்றைக் கேட்க வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு.